கடல் விமானத்தில் ஸ்கூபா சாமான்: 20 கிலோவுக்குள் அடக்குவது எப்படி?

கேள்வி: நவம்பரில் மாலத்தீவு போகிறேன். சென்னை–மாலே டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி. அங்கிருந்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானம். டைவிங் சாமான், துணிமணி எல்லாம் சேர்த்து வீட்டுத் தராசில் 28.1 கிலோ காட்டுகிறது. மாலேயில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிட்டால் போதும்தானே? (சென்னை வாசகர்)

பதில்: போதாது. பயணத்தில் எத்தனை விமானம் மாறினாலும், கடைசியாக ஏறும் சின்ன விமானத்தின் அளவுதான் உங்கள் அளவு. மாலத்தீவுக் கடல் விமானங்களில் பொதுவாக செக்-இன் பைக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. மாலேயில் கைப்பையையும் தராசில் வைப்பார்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அங்கே ஓடுவது ட்வின் ஆட்டர் ரக விமானம். மிதவை, எரிபொருள், ஆட்கள், பைகள் அத்தனையும் சேர்த்து அது கிளம்பக்கூடிய உச்ச எடை 5,670 கிலோ. இருக்கைகள் நிரம்பிய நாளில் பின்பக்கச் சாமான் அறைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் நீங்கள் கட்டும் பணம் பையை ஏற்றிச் செல்வதற்கான கூலி மட்டுமே. நீங்கள் போகும் அதே விமானத்தில் பையும் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கடல் விமானம் பகலில்தான் பறக்கும். மாலையில் விட்டுப்போன பை மறுநாள் வந்தால், முதல் நாள் டைவ் போய்விடும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தோம். சக்கரம் வைத்த பெட்டி மட்டுமே 5.2 கிலோ! பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்த ஊதி அணியும் சட்டை) 3.9, ரப்பர் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) 2.9, ஹவுசிங்கோடு (தண்ணீர் புகாத உறை) கேமரா 2.8, ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) 2.6, 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) 2.6, டார்ச்சும் சார்ஜரும் 1.2, பூட்ஸ் 1, மாஸ்க்-ஸ்நார்க்கல்-டைவ் கம்ப்யூட்டர் 0.8, மிதவைக் குழாயும் ரீலும் 0.6, துணிமணி 4.5.

முதலில் கை வைக்க வேண்டியது பெட்டியில். சக்கரமில்லாத துணிப் பை 1.4 கிலோவில் கிடைக்கும். ஒரே மாற்றத்தில் 3.8 கிலோ மிச்சம். சின்ன விமானத்தின் சாமான் அறையில் மடங்கி உட்காருவதும் துணிப் பைதான். அடுத்தது வெட்சூட். அங்கே கடல் நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும், 3 மில்லிமீட்டர் தாராளம். அதில் 1 கிலோ குறையும். கனமான ரப்பர் ஃபின்ஸுக்குப் பதில் 1.5 கிலோவில் இலகுவான ஜோடி எடுத்தால் இன்னும் 1.4. கைப்பையின் சொந்த எடை 0.5ஐக் கூட்டினாலும் மொத்தம் 22.4 கிலோவுக்கு இறங்கிவிடும்.

பிரிப்பது இப்படி: கைப்பையில் ரெகுலேட்டர், மாஸ்க், கம்ப்யூட்டர், கேமரா உடல், பேட்டரிகள். அது சரியாக 5 கிலோ வரும். மீதி 17.4 கிலோ செக்-இன். மிச்சமிருக்கும் 2.6 கிலோ இடத்தைத் துணியால் நிரப்பிவிடாதீர்கள். திரும்பும்போது அது ஏன் தேவைப்படும் என்பது கீழே வருகிறது. கத்தி, ஸ்பேனர், ஆலன் கீ எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது. கேமரா ஹவுசிங்கை மூடி அனுப்பும்போது அதன் ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கழற்றித் தனியாக வையுங்கள். காற்றழுத்தம் மாறி, இறங்கியபின் மூடி திறக்காமல் இறுகிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எடை குறைப்பதற்காகவே 'டிராவல் பிசிடி' வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் வேண்டாம், போகிற இடத்தில் வாடகைக்கு எடுங்கள். சாதாரண பிசிடி 3.5 முதல் 4.5 கிலோ, டிராவல் ரகம் 2 முதல் 2.5 கிலோ. மிச்சமாவது ஒன்றரை, இரண்டு கிலோ. அதற்கு ஈடாகத் துணி மெல்லியது, பாக்கெட் குறைவு, தண்ணீரில் மிதக்கவைக்கும் சக்தியும் பெரும்பாலும் குறைவு.

சொந்தமாக வாங்கும் வரிசை எங்கள் கணக்கில் இதுதான்: முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், பிறகு டைவ் கம்ப்யூட்டர், பிறகு பூட்ஸும் ஃபின்ஸும், பிறகு ரெகுலேட்டர், கடைசியில் பிசிடி. கம்ப்யூட்டரை முன்னால் வைப்பதற்குக் காரணம், முந்தைய நாள் டைவ்களில் உடம்பில் தேங்கிய நைட்ரஜனின் கணக்கு அதற்குள் இருக்கிறது. தினம் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர் மாறினால் அந்தக் கணக்கு அறுந்துபோகும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்பாமல் கடையிலேயே கைத்தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். அட்டையில் இருப்பது சின்ன சைஸின் எடையாக இருக்கலாம், மூழ்க உதவும் ஈயக் கட்டிகளை வைக்கும் வெயிட் பாக்கெட்டைக் கழற்றிவிட்டு எடுத்ததாகவும் இருக்கலாம். பழையது வாங்குவோர் அதை முழுக்க ஊதி ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். காதருகே வைத்துக் குலுக்கும்போது உள்ளே மணல் உருள்வது போலச் சத்தம் கேட்டால், அது காய்ந்த உப்பு. கழுவாமல் வைத்திருந்த சாமான் என்று அர்த்தம். எந்த பிராண்டாக இருந்தாலும் அதன் சர்வீஸ் கிட் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: டைவ் டார்ச்சைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்ன தவறு? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பேட்டரியை உள்ளேயே விட்டிருப்பீர்கள். சக்தி வாய்ந்த டைவ் டார்ச்சுகள் பலவற்றுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. பைக்குள் திருகு சுவிட்ச் உருண்டு டார்ச் எரிந்துவிட்டால், சுற்றியிருக்கும் துணி கருகும் அளவுக்குச் சூடேறும். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இந்த வகை டார்ச்சுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை என்பதால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பையில் போகக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 3.7 வோல்ட், 5 ஆம்பியர்-மணி உருளை பேட்டரி 18.5 வாட்-மணி. 100 வரை சிக்கலில்லை. 100 முதல் 160 வரை ஒப்புதலோடு இரண்டு உதிரி. அதற்கு மேல் கிடையாது. 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி பேட்டரி பேக் 97.9 வருகிறது, தப்பிவிடும். அளவு அழிந்துபோன பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

இன்னொன்று. ஏடிஆர் போன்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானங்களில் தலைக்கு மேலுள்ள அடுக்கு சிறியது. ஏறும் இடத்திலேயே கைப்பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். பேட்டரி டப்பாவையும் பவர் பேங்கையும் பையின் மேலாகவே வைத்திருந்தால், அந்த நிமிடத்தில் உருவி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்தி போகிறோம். அங்கும் இதே அளவுதானா? சொந்த சிலிண்டர் கொண்டுபோகலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அகத்தி இன்னும் கண்டிப்பு. ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், விமானமும் ஏடிஆர். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாகக் கிடைப்பது 15 கிலோ. உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிலில் வந்த 17.4 கிலோ பையிலிருந்து பிசிடியை எடுத்துவிட்டால் 13.5. ஆகவே பிசிடியை அங்கேயே வாடகைக்குப் பேசிவிடுங்கள், சைஸையும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். லட்சத்தீவு நுழைவு அனுமதியை மறக்க வேண்டாம்.

சிலிண்டர் வேண்டவே வேண்டாம். சாதாரண அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ அளவில் இருக்கும். காற்று இருந்தால் ஏற்றமாட்டார்கள். வால்வைக் கழற்றி உள்ளே காட்ட வேண்டிவரும். டைவ் கட்டணத்தில் சிலிண்டரும் வெயிட்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். உங்கள் ரெகுலேட்டர் டின் (DIN, வால்வுக்குள் திருகி மாட்டுவது) வகை என்றால், அங்குள்ள வால்வுக்குப் பொருந்துமா, அடாப்டர் வேண்டுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: கடைசி நாள் காலையில் டைவ் முடித்து மதியம் கிளம்பலாமா? கடல் விமானம் தாழ்வாகத்தானே பறக்கிறது? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. டைவில் உடம்பில் தேங்கிய நைட்ரஜன், சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால் குமிழியாகலாம். அந்த விமானத்தில் காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. மாலேயில் இறங்கிய கையோடு பெரிய விமானத்தில் ஏறுவீர்கள், அதன் உட்பக்க அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக்கூட இருக்கும். டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டுதல்: மேலே வரும்போது வழியில் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி, அப்படி நின்று வர வேண்டிய டிகம்பிரஷன் டைவ் என்றால் 18ஐவிடக் கணிசமாக அதிகம். ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. முதல் விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

அந்த ஒரு நாள்தான் சாமான் காயும் நாளும். ஈரமான வெட்சூட், பூட்ஸ், பிசிடி மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீரைச் சுமக்கலாம். போகும்போது 20க்குள் இருந்த பை திரும்பும்போது மீறுவது இதனால்தான். பிசிடிக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து இன்ஃப்ளேட்டர் (காற்று ஊதும்) குழாய் வழியாக வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தலைகீழாகப் பிடித்தால் இன்னும் ஒரு டம்ளர் வரும். வெட்சூட்டை உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போட்டு, சாயங்காலம் திருப்பிப் போடுங்கள். ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து இறுக்கிய பிறகே தண்ணீரில் அலசுங்கள். அப்போது வாய்ப்பகுதியின் நடுவிலுள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே தண்ணீர் ஏறும்.

கேள்வி: மாலேயில் இறங்கியபோது பை உடைந்து, மாஸ்க் நசுங்கியிருந்தது. நஷ்ட ஈடு கிடைக்குமா? (சேலம் வாசகர்)

பதில்: கேட்கலாம், ஆனால் கெடு உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் சாமான் புகார் அறிக்கை எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில், சேதமென்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமென்றால் 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். சர்வதேச விமானப் பயண நஷ்ட ஈட்டுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. பில் இல்லாமல் பேச்சு எடுபடாது. வாங்கிய ரசீதுகளையும் கிளம்புமுன் விரித்து வைத்து எடுத்த படத்தையும் போனில் வைத்திருங்கள். தனி டிக்கெட்டாக எடுத்த கடல் விமானத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளே செல்லும். இந்தியாவிலிருந்து வந்த விமானத்தின் நிறுவனம் பதில் தராவிட்டால், அரசின் விமானப் பயணப் புகார் தளமான ஏர்சேவாவிலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.