பேசினால் அணைந்துபோகும் வயர்லெஸ்

(படகு மின்வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தூத்துக்குடி எலக்ட்ரீஷியன் ஒருவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது பழைய மர விசைப்படகு. வயர்லெஸ்ஸில் மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. நான் பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. விட்டால் மறுபடி வருகிறது. பேட்டரி புதிது. செட்டுக்குப் பின்னால் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், தருவைகுளம்

பதில்: காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள் தம்பி. முதலில் வயரைப் பார்ப்போம்.

கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது செட் அரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும். 25 வாட்ஸில் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் போகும். களிம்பு பிடித்த ஜாயின்ட் அரை ஆம்பியருக்கு வழி விடும், ஐந்துக்கு விடாது. நீங்கள் அளந்தது செட் சும்மா இருக்கும்போது. அப்போது 12.6 காட்டத்தான் செய்யும். பழைய படகில் லோடு இல்லாமல் எடுக்கிற அளவை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இப்படிச் செய்யுங்கள். செட்டுக்கு வரும் இரண்டு வயரையும் கழற்றி, அதில் பழைய 12 வோல்ட், 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் போடுங்கள். அது நாலரை ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட செட் பேசுகிற அளவு. பல்பு எரியும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறு முனையைப் பல்பின் மைனஸில் வையுங்கள். மீட்டரின் வயர் எட்டாவிட்டால் எந்த மெல்லிய வயரையும் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம், அளவு மாறாது. அடுத்து பிளஸ் பக்கமும் இதேபோல் எடுங்கள். இரண்டையும் கூட்டினால் 0.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் படகில் ஒன்றரைக்கு மேல் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பெரும்பாலும் மைனஸ் பக்கம்தான் வரும். பிளஸ்ஸை எல்லோரும் நோண்டுவார்கள், மைனஸை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்புறம் பல்பு பக்கத்து முனையை ஜாயின்ட் ஜாயின்டாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் அளவு சட்டென்று குறைகிறதோ, கோளாறு அங்கேதான். பேட்டரி கிளாம்ப், ஃபியூஸ் ஹோல்டர், இன்ஜின் ரூமில் எல்லா மைனஸும் சேரும் போல்ட் இவற்றை முதலில் பாருங்கள். வீல் ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) பிளைவுட்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றாவது இருக்கும். டேப் உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தாது, உள்ளே போனதைத்தான் பிடித்து வைக்கும்.

வயரை வெட்டினால் செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டுங்கள். ஒரு சாண் தாண்டியும் கறுப்பு என்றால் அந்த வயரைத் தூக்கிப் போடுங்கள். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊறிக்கொண்டே போயிருக்கும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் இன்ஜின் அதிர்வில் ஒடியும், அது வேண்டவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய பல இழை வயர் விலை கூடுதல்தான், ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். பேட்டரியிலிருந்து செட் 6 மீட்டர் என்றால், போகவர 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மட்டும் 0.7 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3தான். செட்டுக்கென்று தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் தனி ஃபியூஸ் போடுங்கள். வயர் நுனியில் மாட்டும் உலோக லக்கைச் சரியான பிளையரால் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். சால்டரிங் மட்டும் வைத்து விடுகிறவர்களும் உண்டு. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் ஒடியும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

எல்லாம் முடிந்து பேசிப் பார்க்கும்போது ஆன்டெனா மாட்டியிருக்கட்டும், இல்லாவிட்டால் செட் உண்மையிலேயே போய்விடலாம். 16-ஆம் சேனலில் சோதனை செய்ய வேண்டாம். அது ஆபத்தில் கூப்பிடுகிற சேனல்.

கேள்வி: தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போட்டால், சில நாளிலேயே பேட்டரி இறங்கிவிடுகிறது. எங்கே போகிறது கரண்ட்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். எதற்கும் விழவில்லை என்றால் டைனமோவின் பெரிய வயரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போயிருக்கலாம். படகின் உள்ளே அடியில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும் பிளஸ் ஜாயின்ட் என்றால் உடனே சரிசெய்யுங்கள். அந்தக் கசிவு பேட்டரியோடு நிற்காது, அடியில் உள்ள உலோகச் சாமான்களையும் அரித்துவிடும்.

கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் 61 நாள். அவ்வளவு நாள் இறங்கிய நிலையில் கிடந்தால் பேட்டரி கெட்டுப்போகும். மைனஸைக் கழற்றி வைத்து, நடுவில் சார்ஜ் ஏற்றுங்கள். படகு தண்ணீரில் மிதந்தபடி, உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றத் தானாக ஓடும் பம்பை நம்பி நின்றால் மட்டும் கழற்றாதீர்கள்.

கேள்வி: எல்இடி விளக்கு மாட்டியதிலிருந்து வயர்லெஸ் இரைகிறது.
– வாசகர், காசிமேடு

பதில்: விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதில் இரைச்சல் நிற்கிறதோ அதன் உள்ளே இருக்கும் மலிவான சர்க்யூட்தான் காரணம். நல்லதாக மாற்றுங்கள், அல்லது ஆன்டெனா கேபிளை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.