நல்ல ஆட்டக்காரர்கள் வந்த பிறகு அணி ஏன் தோற்கிறது?

கேள்வி: பெரம்பூர் பக்கம் ஒரு கூடைப்பந்து கிளப்பை நடத்திவருகிறேன். ஆறேழு ஆண்டுகளாக ஒரே கூட்டம்தான் ஆடுகிறது. பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள்; மாலையில் சிமெண்ட் தளத்தில் விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி. இந்த ஆண்டு இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் தூத்துக்குடியிலிருந்து இங்கே கல்லூரிக்கு வந்திருக்கும் 6 அடி 5 அங்குல உயரப் பையன். மற்றவர் நிறுவன அணி ஒன்றில் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டுவருபவராக, ஆடியவர். நிறையப் புள்ளிகள் எடுப்பவர். இருவரும் எங்களில் யாரையும்விடத் திறமையானவர்கள். ஆனால் முன்பு எளிதாக ஜெயித்த அணிகளிடம் இப்போது தோற்கிறோம். பாயிண்ட் கார்டாக நின்று ஆட்டத்தை நடத்தும் எங்கள் கேப்டன் பயிற்சிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். கோடைப் போட்டிகளுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. புதியவர்களை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் அணிக்கு நேர்ந்திருப்பது நல்ல ஆட்டக்காரர்கள் சேரும் எந்த அணிக்கும் நேர்வதுதான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 2010-இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி ஹீட் அணியில் டுவெய்ன் வேடுடன் சேர்ந்தபோது உலகமே அவர்களைச் சாம்பியன்களாக எழுதிவைத்தது. முதல் 17 ஆட்டங்களில் அவர்கள் ஜெயித்தது 9, தோற்றது 8. அந்தப் பருவத்தை 58 வெற்றிகளோடு முடித்தும் இறுதிப் போட்டியில் டாலஸ் மேவரிக்ஸிடம் தோற்றார்கள். கோப்பை 2012-இல்தான் கிடைத்தது. முழுநேரமும் கூடைப்பந்தையே தொழிலாகக் கொண்ட, தினமும் சேர்ந்து பயிற்சி எடுக்கிறவர்களுக்கே இந்த நிலை. வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களிடம் சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அணியின் கெமிஸ்ட்ரி என்றதும் பலரும் நட்பையும் ஒற்றுமையையும் நினைத்துக்கொள்கிறார்கள். உடனே எல்லாரையும் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போய்வரலாம், பிரியாணி சாப்பிடலாம் என்று யோசனை போகும். போய்வாருங்கள், நல்லதுதான். ஆனால் ஆடுகளத்தில் அந்தப் புரிதலின் பெரும்பகுதி வெறும் அறிவுதான்: அடுத்த நொடியில் யார் எங்கே இருப்பார் என்று மற்ற நால்வருக்கும் தெரிந்திருப்பது. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத அணிகளும் இந்த அறிவு இருந்தால் ஜெயிக்கின்றன. உங்கள் அணியில் உடைந்திருப்பது முதலில் இந்த அறிவு. மனத்தாங்கல் அதன் பின்னால் வந்தது என்பது என் எண்ணம்.

உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஆறேழு ஆண்டு சேர்ந்து ஆடிய ஓர் அணி எப்படி ஆடும் என்று ஊகிக்க முடியும். கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கம் வருவார். கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆளான சென்டர், ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை வரை ஏறிவந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது கேப்டனைக் காக்கும் ஆளின் வழியை உடம்பால் மறித்து நிற்பார். அவரைக் காக்கும் எதிரணி ஆளும் கூடவே ஏறி வந்தாக வேண்டும். கூடைக்குக் கீழே இடம் காலியாகும். அந்த நேரம் பார்த்து இடது மூலையிலிருந்து முன்வரிசை ஆளான ஃபார்வர்டு எல்லைக்கோட்டை ஒட்டி உள்ளே வெட்டுவார், அதாவது சட்டென்று கூடையை நோக்கி ஓடுவார். கேப்டன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தைத் தரையில் அடித்து அவர் கைக்கு அனுப்புவார். கூடைக்கு அருகிலிருந்து பந்தை மெல்ல உள்ளே விடும் லே-அப், இரண்டு புள்ளி.

இப்போது அதே ஆட்டத்தில் உங்கள் தூத்துக்குடிப் பையனை வையுங்கள். அவர் கூடைக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்திப் பந்து கேட்கிறார். அவருடைய உயரத்துக்கு இதுவரை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடியது அதைத்தான். ஆனால் அவரைக் காக்கும் எதிரணியின் உயரமான ஆளும் அங்கேயே நின்றுவிடுகிறார். ஃபார்வர்டு வெட்டி வரும் வழி அடைபட்டுவிட்டது. கேப்டன் வழக்கம்போலப் பார்க்கிறார். ஸ்கிரீனும் வரவில்லை, வெட்டும் ஆளும் இல்லை. பந்தை நிறுத்திவிடுகிறார். அதற்குள் எறிந்தாக வேண்டிய 24 விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு விநாடி மிச்சமிருக்கையில் பந்து புதிய கார்டின் கைக்குப் போகிறது. முகத்துக்கு நேரே எதிராளியின் கை இருக்க, அவர் எறிகிறார், தவறுகிறது. பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? வந்தவன் பந்தைத் தானே வைத்துக்கொள்கிறான், சுயநலக்காரன். கேப்டனுக்கு ஆட்டம் மறந்துவிட்டது. உயரமான பையன் நகரவே மாட்டான். மூன்று முடிவுகளும் தவறு. மூவரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் சரியாகச் செய்தார்கள்.

ஆகவே முதல் வேலை, தோல்வி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆடாத ஒருவரிடம் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுங்கள். நாம் போட்ட ஒவ்வொரு கூடையும் பாஸிலிருந்து வந்ததா, தனியாக எடுத்ததா. நாம் எறியாமலே பந்தைத் தொலைத்தது எத்தனை முறை. எதிரணி யாருடைய தடுப்பும் இல்லாமல் லே-அப் போட்டது எத்தனை முறை. இவ்வளவு குறித்தால் போதும். புள்ளிப் பட்டியல் மட்டும் பார்க்கிற அணிகள் எப்போதும் தாக்குதலைத்தான் குறை சொல்லும். தடுப்பில் ஓட்டை விழுந்திருப்பது இந்த நோட்டில்தான் தெரியும்.

தடுப்பைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடைக்கு அருகில் நிற்கும் ஆளுக்குத்தான் முழுக்களமும் தெரியும். முன்னால் இருப்பவர்களுக்கு முதுகுப் பக்கம் வரும் ஸ்கிரீனைக் கத்திச் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் அணியில் அந்த இடத்தில் இப்போது நிற்பவர் எல்லாரையும்விட இளையவர். முப்பது வயது கேப்டனைப் பார்த்து அவர் எப்படிக் கத்துவார்? "அண்ணா, உங்க இடது பக்கம் வர்றாங்க அண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரணி கூடை போட்டுவிடும். பெரும்பாலான இளைஞர்கள் அந்த இரண்டு நொடித் தயக்கத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்கு ஒரே வழி, ஆடுகளத்துக்கென்று மரியாதை விகுதி எதுவும் இல்லாத குறுஞ்சொற்களை வகுத்துக்கொள்வது: "இடது", "வலது", "மாற்று", "விடு", "என் ஆள்". இவற்றைக் கேப்டனே பையனிடம் சொல்ல வேண்டும்: "களத்துக்குள் என்னை அண்ணா என்று கூப்பிடாதே, கத்து." கேப்டன் வாயிலிருந்து வந்தால்தான் அது அனுமதி. நீங்கள் சொன்னால் வெறும் அறிவுரை.

பயிற்சியில் ஷெல் டிரில் என்று நால்வர் தாக்க, நால்வர் தடுக்கும் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது. பந்து ஒவ்வொரு முறை கை மாறும்போதும் தடுப்பவர் நால்வரும் இடம் மாற வேண்டும். வாய் திறக்காதவர் வெளியே. ஒவ்வொரு மாலையும் முதல் கால் மணி நேரத்தை இதற்கே கொடுங்கள். தாக்குதலுக்கு, பந்தைத் தட்டவே கூடாது என்ற விதியோடு ஓர் ஆட்டம் வையுங்கள். பாஸ் மட்டும்தான். பந்தைத் தட்ட முடியாதபோது, ஓடி இடம் பிடிக்காதவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். புதியவர்கள் இருவரையும் ஒருபோதும் ஒரே பக்கம் போடாதீர்கள். போட்டியிலும் அப்படித்தான். பழையவர் நால்வரோடு புதியவர் ஒருவர் என்று முதலில் இறக்குங்கள். ஒரே நேரத்தில் இருவர் மாறினால் மிச்சமிருக்கும் மூவருக்கும் பிடிமானம் போய்விடுகிறது.

யார் யாருக்கு இணங்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தடுப்பில், வந்தவர் அணியின் முறைக்கு இணங்க வேண்டும். அதில் பேரம் கிடையாது. தாக்குதலில், அணி அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். உயரமான ஒருவரைச் சேர்த்துவிட்டு அவரைப் பழைய சென்டர்போல ஸ்கிரீன் மட்டும் போடச் சொல்வது வீண். அவருக்காக இரண்டே இரண்டு ஆட்ட வகைகளை வகுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஃபார்வர்டு உள்ளே வெட்டாமல் மூலையிலேயே எறியத் தயாராக நிற்கட்டும். மற்ற நேரத்தில் பையன் மேலே ஏறிவந்து ஸ்கிரீன் போடக் கற்றுக்கொள்ளட்டும். ஆறு வாரத்தில் இரண்டு வகை போதும். ஐந்து வகை வைத்தால் ஒன்றும் நிற்காது.

இனி, கேப்டன். கடினமான பகுதி இதுதான். இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். பந்து ஒன்றுதான் இருக்கிறது. நன்றாக எறியும் ஒருவர் வந்தால் வேறு யாரோ குறைவாக எறிய வேண்டும். 2007-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் சேர்த்துக்கொண்டது. பால் பியர்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆலன் 26.4, பியர்ஸ் 25, கார்னெட் 22.4 புள்ளிகள் எடுத்தவர்கள். சேர்ந்து ஆடிய முதல் பருவத்தில் அது 17.4, 19.6, 18.8 ஆனது. மூவருக்குமே குறைந்தது. 24 ஆட்டங்கள் மட்டும் ஜெயித்திருந்த அணி அந்தப் பருவத்தில் 66 ஜெயித்து, சாம்பியனும் ஆனது.

அதற்கு நேர்மாறாக 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். கோபி பிரையன்ட் இருந்த அணிக்கு ஸ்டீவ் நாஷும் டுவைட் ஹோவர்டும் வந்தார்கள். நாஷும் பிரையன்டும் பந்து தம் கையில் இருந்தால்தான் முழுத் திறமையோடு ஆடக்கூடியவர்கள். ஐந்தே ஆட்டங்களில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 45 வெற்றிகளோடு தட்டுத்தடுமாறி அடுத்த சுற்றுக்கு நுழைந்து, சான் அன்டோனியோவிடம் நான்கு ஆட்டங்களும் தோற்று வெளியேறினார்கள். காயங்களும் அவர்களைப் பாடாய்ப்படுத்தின, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பந்து யார் கையில் என்ற கேள்வி அந்த அணியில் கடைசி வரை தீரவில்லை. உங்கள் கேப்டனும் புதிய கார்டும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

கேப்டனைத் தனியாகச் சந்தியுங்கள். பயிற்சித் திடலில் வேண்டாம். அவர் வீட்டுக்கே போங்கள். "நீங்கள்தான் சீனியர், அனுசரித்துப் போங்கள்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அவர் எதை இழக்கிறார் என்பதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "இனி பாதி நேரம் பந்தை அவர் கொண்டுவருவார். முதல் கால் பகுதியும் மூன்றாவதும் உங்களுடையது. இரண்டாவதில் அவர் நடத்துவார், நீங்கள் வெளியே அமர்ந்து எதிரணியைக் கவனியுங்கள். கடைசிக் கால் பகுதியில் இருவரும் சேர்ந்து." இப்படிக் கணக்காகச் சொன்னால் மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். என்ன போகப்போகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோவதைத்தான் யாராலும் தாங்க முடிவதில்லை. அதே கணக்கைப் புதிய கார்டிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

திறமைசாலிகள் அதிகமாவதே கெடுதல் என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருக்கலாம். 2014-இல் ரோடரிக் ஸ்வாப்பும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கால்பந்திலும் கூடைப்பந்திலும் உச்சத் திறமையாளர்கள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் அணியின் பலன் குறைகிறது, பேஸ்பாலில் அப்படி இல்லை என்றது. பின்னர் அதைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வுகளும் வந்தன. எப்படியிருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்த ஒரு பெரம்பூர் கிளப் அந்த அளவை எட்டிவிடவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள், நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத பெஞ்சுக்காரர்கள். உங்கள் பழைய சென்டரும், இன்னொரு கார்டும், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று இளைஞர்களும் இப்போது எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள்? கிளப் ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. களத்தில் நிற்கும் நிமிடங்கள்தான் கூலி. அதை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராவிட்டால் சத்தமில்லாமல் வராமல் போய்விடுவார்கள்; பயிற்சிக்கு எட்டுப் பேர்கூடத் தேறாது; கல்லூரித் தேர்வு வந்ததும் அந்த உயரமான பையனும் இருக்க மாட்டார். பழைய சென்டருக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: பையனுக்கு ஸ்கிரீன் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு. உள்ளூர் நட்பு ஆட்டங்களில் இரண்டாம் கால் பகுதி முழுவதையும் பெஞ்சுக்காரர்களுக்கு ஒதுக்குங்கள்.

பணத்தையும் பேசியாக வேண்டும். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஷூவும் பயணப்படியும் கொடுத்துவிட்டு, ஆறேழு ஆண்டாக ஆடுகிறவர்களிடம் மாதச் சந்தா வாங்குவது சென்னையில் பல கிளப்புகளில் நடக்கிறது. உங்களிடம் அது இல்லையென்றால் மகிழ்ச்சி. இருந்தால், பெஞ்சில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் மட்டும்தான்.

ஆறு வாரம் குறைவுதான், ஆனால் போதாது என்று சொல்ல மாட்டேன். 2004 பிப்ரவரியில், பருவத்தின் நடுவே, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்கு ரஷீத் வாலஸ் வந்தார். ஜூனில் அந்த அணி சாம்பியன். தடுப்பில் ஊறிய அணிக்கு உயரமான, தடுக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலைக்கே அவர் வந்தார். பந்து யாருடையது என்ற சண்டைக்கு அங்கே இடமே எழவில்லை. உங்கள் பையன் விஷயத்தில் இது நடக்கக்கூடியது. கார்டு விஷயத்தில் கூடுதல் காலம் பிடிக்கும்.

எப்போது ஒருவரை விட்டுவிடலாம்? பயிற்சிக்கு வராமல் போட்டிக்கு மட்டும் வருவேன் என்பவரை முதல் ஐவரில் இறக்காதீர்கள், அவர் எத்தனை புள்ளி எடுத்தாலும். மூன்று வாரம் கழித்தும் தடுப்புக்குத் திரும்பி ஓடாதவரோடு ஒரு முறை பேசுங்கள். அதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தவறான பாஸ், தவறிய எறிதல், இடம் தெரியாமல் நிற்பது இவற்றுக்காக ஆறு வாரத்துக்குள் யாரையும் அனுப்பாதீர்கள்.

கேப்டன் வீட்டுக்கு இந்த வாரமே போய்விடுங்கள். சந்தா, பயணப்படிக் கணக்கைக் கோடைப் போட்டி முடியட்டும் என்று தள்ளிவைக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.