வாய் முற்றினால் கை நீளத்தான் வேண்டுமா?

கேள்வி: வாக்குவாதம் அடிதடியில் போய் நிற்பதை ஆங்கிலத்தில் ‘கம் டு ப்ளோஸ்’ என்கிறார்கள். ‘ப்ளோ’ என்றால் ஊதுவதுதானே, அதற்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? பேச்சு முற்றினால் கை நீள்வது மனித இயல்பு என்பதைத்தான் இந்தத் தொடர் சொல்கிறதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஊதுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ‘ப்ளோ’ வேறு சொல். அடி, குத்து என்று பொருள். நம்முடைய ‘கைகலப்பு’ இதற்குச் சரியாகப் பொருந்தும்.

இயல்பு என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1651இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் ஓய்ந்த ஆண்டில், தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவஞானியின் ‘லெவியாத்தன்’ என்ற அரசியல் நூல் வெளிவந்தது. அதில் இதே தொடர் வருகிறது. இருவருக்குள் தகராறு என்றால் இருவரும் ஏற்கிற நடுவர் ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு அடிதடிக்குப் போகும், அல்லது தீராமலே கிடக்கும் என்கிறார். அந்தக் கடைசி வழியைக் கவனியுங்கள். அவ்வளவு ரத்தம் பார்த்த காலத்து மனிதர்கூட அடிதடி ஒன்றுதான் முடிவு என்று எழுதவில்லை. தீராவிட்டால் கிடக்கட்டுமே! எத்தனை வீடுகளில் பாகப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது, யார் மண்டையும் உடையாமல்.

அப்புறம், அமெரிக்காவில் 1856இல் நடந்ததைப் பாருங்கள். செனட்டர் சார்லஸ் சம்னர், அப்போது இன்னும் மாநிலமாகாத கான்சஸ் பகுதிக்கு அடிமை முறையைக் கொண்டுபோவதைக் கண்டித்து மே 19, 20 தேதிகளில் பேசினார். ஆண்ட்ரூ பட்லர் என்ற செனட்டரைக் கடுமையாகச் சாடினார். பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான பிரஸ்டன் ப்ரூக்ஸ் 22ஆம் தேதி செனட் அவைக்குள் வந்து, மேஜையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் அடித்து ரத்தவெள்ளத்தில் சாய்த்தார். சம்னர் முழுமையாக அவைக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ப்ரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம். அவருடைய மாநிலமான தென் கரோலினா அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. பேச்சுக்கும் அடிக்கும் நடுவே ஒரு முழு நாள் இருந்தது. இதில் எந்த வாய் முற்றியது, எந்தக் கை தானாக நீண்டது?

‘வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது’ என்று செய்திகளில் தினமும் படிக்கிறோம். அடித்தவர் பெயர் அந்த வாக்கியத்தில் இருக்காது. அடிபட்டவரும் சண்டைக்காரர் ஆகிவிடுவார். என் மேஜைக்கு அப்படி எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், முதலில் கை ஓங்கியது யார் என்று விசாரித்து எழுதச் சொல்லி.