நாலாயிரம் வெள்ளியும் ஐந்து நாள் வகுப்பும்

கேள்வி: வயது 44, சிங்கப்பூர்க் குடிமகன். 16 ஆண்டுகளாகக் கட்டுமான மேற்பார்வையாளர். இப்போது தெங்காவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வேலை. கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த ஒரு பயிற்சி நிறுவனத்தார், ஐந்து நாள் திட்ட மேலாண்மை வகுப்புக்கு 3,800 வெள்ளி என்றார்கள். "பிஎம்பி சான்றிதழ் உறுதி. உங்கள் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளலாம், கையிலிருந்து ஒரு காசு வேண்டாம்" என்கிறார்கள். இன்றே கையெழுத்திட்டால் ஒரு பயணப் பையும் உண்டாம். சேரலாமா?
— வாசகர், ஈசூன்

பதில்: பையைத் தொடாமல் வீடு திரும்பினீர்களே, அதுவரை நல்லது.

பிஎம்பி என்பது திட்ட மேலாளர்களுக்கு அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு நடத்தும் தேர்வு. அதற்கு விண்ணப்பிக்க 35 மணி நேரப் பயிற்சி வேண்டும். நாளுக்கு ஏழு மணி நேரம், ஐந்து நாள்: உங்களுக்கு விற்கப்படுவது அந்த 35 மணி நேரம்தான். இதற்கு மேல், பட்டதாரி என்றால் 36 மாதங்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர் என்றால் 60 மாதங்கள் திட்டங்களை முன்னின்று நடத்தியதாகக் காட்ட வேண்டும். உங்கள் 16 ஆண்டுகளில் அது இருக்கலாம். ஆனால் எந்த வேலையில் எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்று எழுதிக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். தேர்வுக் கட்டணம் தனி, அதுவும் அமெரிக்க டாலரில். தேறிய பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 60 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வேறொருவர் நடத்தும் தேர்வில் உங்கள் தேர்ச்சிக்கு இவர்கள் எப்படி உறுதி தருகிறார்கள் என்று கேளுங்கள். அந்த உறுதியை எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

அடுத்து அந்த நாலாயிரம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் என்பது பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் தொகை. 25 வயதான குடிமக்களுக்குக் கிடைக்கும் 500 வெள்ளி ஒரு பை. 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024இல் வந்த 4,000 வெள்ளி வேறொரு பை. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான் செலவிட முடியும். பட்டயம், பட்டம் போன்ற நீண்ட படிப்புகள் அதில் அதிகம். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்பின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு உரிய படிப்பு என்று அங்கே இருந்தால் மேற்கொண்டு பேசலாம். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் நுழைவது உங்கள் விரலாக இருக்கட்டும். "நாங்களே செய்து தருகிறோம்" என்று போனைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கையிலிருந்து காசு போகவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. அந்தப் பணம் ஒரு முறைதான் செலவாகும்.

கடைசியாக, என்ன கற்றுத்தருகிறார்கள்? நான் குவான்டிட்டி சர்வேயராக (கட்டுமான அளவும் செலவும் கணக்கிடுபவராக) இருந்தபோது சொந்தக் காசில் இப்படியொரு வகுப்புக்குப் போனேன். மூன்று நாளும் எடுத்துக்காட்டு ஒரு திருமண விருந்து. விருந்துக்குத் தாமதமானால் சோறு ஆறும். நம் தளத்தில் தாமதமானால் அபராதத் தொகை ஏறும்.

எனவே பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள்: "குளியலறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடித்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்தோம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். டைல்ஸ்காரர் நாளை வருகிறார். வேலை அட்டவணையில் எந்தக் கோடு நகரும், எது நகராது? கூடுதல் நாள் கேட்டு யார் யாருக்கு எழுத வேண்டும், செலவு யார் தலையில்?" தளத்தில் நின்றவர் உடனே பதில் சொல்வார், அல்லது உங்களையே எதிர்க்கேள்வி கேட்பார். நிற்காதவர் திரையில் அடுத்த படத்துக்குத் தாவுவார்.

பாடத்திட்டத்தில் கட்டுமானத் தொகைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. கட்டுமான ஒப்பந்தத்தில் ஒருவர் முறைப்படி பணம் கோரினால், எதிர்த்தரப்பு பதில் தராமல் 21 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. மேற்பார்வையாளர் அன்றாடம் எழுதும் தளக் குறிப்பேடு இப்படிப் பணம் கோரும் வழக்குகளில் எவ்வளவு எடை பெறுகிறது என்று புரிந்துகொண்டாலே வகுப்புக் கட்டணம் திரும்பிவிடும். பிராடல் ரோட்டில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் கல்விக்கழகம் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பகுதிநேரப் படிப்புகள் உண்டு. அவற்றின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் 3,800 வெள்ளிக்குத் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன், ஊரில் சிவில் டிப்ளமா முடித்தவன். தனியார் பள்ளி ஒன்றில் திட்ட மேலாண்மைப் பட்டயம் படித்தால் எஸ் பாஸ் கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார். நண்பர் பணம் கட்டிவிட்டார். நானும் கட்டவா?
— வாசகர், கிராஞ்சி

பதில்: கட்டாதீர்கள் தம்பி. எஸ் பாஸ் என்பது நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி. அதற்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. சம்பளம், நிறுவனத்தின் ஒதுக்கீடு எல்லாவற்றையும் மனிதவள அமைச்சு பார்க்கும். பள்ளியோ முகவரோ வாக்குக் கொடுக்கும் இடத்தில் இல்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டும் குடிமக்களுக்கு மட்டும்தான்.

உங்களுக்கு அருகில் இருக்கும் படி வேறு. உயர்திறன் ஊழியராக, அதாவது ஆர்1 ஆகப் பதிவானால், முதலாளி உங்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 900 வெள்ளியிலிருந்து 500 ஆகக் குறையும். அதற்கான வழிகளில் ஒன்று கோர்டிரேட் என்ற கட்டுமான ஊழியர் திறன் பதிவுத் திட்டம். மாதம் 400 வெள்ளி மிச்சம் என்பதால் அந்தச் செலவை ஏற்க முதலாளிக்கே காரணம் இருக்கிறது. அவரிடம் பேசுங்கள்.

நண்பர் கையெழுத்திட்டு எத்தனை நாள் ஆகிறது? தனியார் பள்ளிகளின் வழக்கமான மாணவர் ஒப்பந்தத்தில், மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. இன்றிரவே ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை அட்டவணை மென்பொருள் வகுப்புக்கு 1,200 வெள்ளி கட்டினேன். மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். இப்போது "பணம் திரும்பாது, அடுத்த ஆண்டு வாருங்கள்" என்கிறார்கள்.
— வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதை நிறுத்துங்கள். ரசீது, மூன்று தேதிகள், எந்த நாளுக்குள் பணம் வேண்டும் என்பது: மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள், இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. வகுப்பைத் தள்ளிப்போட்டதாக அவர்கள் அனுப்பிய குறுந்தகவல்களை அழித்துவிடவில்லையே?