கேசட்டில் பிறந்த 'நெப்ராஸ்கா': வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவை விட்டுவிட்டுத் தனியாக வெளியிட்ட முதல் ஆல்பம் 'நெப்ராஸ்கா'. கொலம்பியா நிறுவனம் 1982 செப்டம்பர் 30 அன்று கொண்டுவந்தது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 41 நிமிடம். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒலிப்பதிவு சார்ந்தவையே அதிகம்.

கேள்வி: படுக்கையறையில் கேசட்டில் பதிந்த ஆல்பம் என்கிறார்கள். வீட்டில் இருக்கும் டேப் ரெக்கார்டரிலா?

படுக்கையறை என்பது சரி. நியூ ஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக்கில் அவர் வாடகைக்கு இருந்த வீடு. பாடல்களில் பெரும்பாலானவை 1982 ஜனவரி 3 அன்று பதிவானவை. கருவி மட்டும் வேறு: டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144. சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகாத, நான்கு ட்ராக் (தனித்தனியாக ஒலி பதியும் தடம்) இயந்திரம்.

சாதாரண ஸ்டீரியோ கேசட்டிலும் நான்கு ட்ராக்குகள் உண்டு. 'ஏ' பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் 'பி' பக்கத்துக்கு இரண்டு. போர்ட்டாஸ்டுடியோ அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்கிறது. நாடாவின் வேகமும் இரு மடங்கு: நொடிக்கு 1⅞ அங்குலத்துக்குப் பதில் 3¾ அங்குலம். இதனால் உயர் சுருதி ஒலிகள் தெளிவாகப் பதியும், நேரம் நான்கில் ஒன்றாகிவிடும். 90 நிமிடக் கேசட்டில் கிடைப்பது இருபத்திரண்டரை நிமிடம்தான். இப்படிப் பதிந்த கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால் இரண்டு ட்ராக்குகள் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடும். பழைய கேசட் கையில் கிடைத்து, இப்படிக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டே மைக்குகள் என்று படித்தேன். ஒரே ஆள் பாடிக்கொண்டே வாசிக்கும்போது எப்படி வைப்பது? நான் முயன்றால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.

அவரிடம் இருந்தவை இரண்டு ஷூர் எஸ்.எம்.57 மைக்குகள். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என முதலில் இரண்டு ட்ராக்குகள். மீதி இரண்டில் இரண்டாம் குரல், மாண்டலின், டாம்பரின், க்ளாக்கன்ஷ்பீல் (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிப்பது) என்று தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் குழாய்ச் சத்தத்துக்குக் காரணம், குரல் இரண்டு மைக்குகளிலும் விழுவது. வாய்க்கும் குரல் மைக்குக்கும் உள்ள தூரத்தைவிட வாய்க்கும் கிட்டார் மைக்குக்கும் உள்ள தூரம் 34 செ.மீ. அதிகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் குரல் ஒரு மில்லிநொடி தாமதமாக விழும். இரண்டையும் ஏறத்தாழச் சம அளவில் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி அடிபட்டுப்போகும். எஸ்.எம்.57 பின்புறமிருந்து வரும் ஒலியை அதிகம் வாங்காது. அந்தக் குணத்தைப் பயன்படுத்துங்கள். குரல் மைக்கை வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, சற்றே மேல்நோக்கி வையுங்கள். அதன் முதுகு கிட்டார் பக்கம் திரும்பிவிடும். கிட்டார் மைக்கை, கழுத்துப் பகுதியில் உள்ள 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அதன் முதுகு வாய்ப்பக்கம் வரும். ஒலித்துளைக்கு நேர் எதிரே வைத்தால் கனமான ஒலி வந்து மோதி எல்லாவற்றையும் குழப்பிவிடும். பிறகு ஒரு மைக்கின் துருவத்தை (ஒலி அலையின் மேல்-கீழை) மாற்றிக் கேட்டு, எந்த நிலையில் குரல் தடிமனாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குரலைச் சுற்றி ஒரு பேய்த்தனமான எதிரொலி இருக்கிறதே, அது அறையினுடையதா?

இல்லை, எக்கோப்ளெக்ஸ் என்ற நாடா எதிரொலிக் கருவியுடையது. நான்கு ட்ராக்குகளைக் கலக்கும்போது ஒலி அதன் வழியாகப் போய், ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் இன்னொரு கேசட்டாகப் பதிவானது. அந்தப் பூம்பாக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழுந்தது! ஆக, உலகம் கேட்ட ஆல்பத்தின் மூலப்பிரதி, நனைந்த ரேடியோப் பெட்டியில் பதிந்த இரண்டாம் தலைமுறை நாடா. குரலுக்கு மட்டும் பூசாமல் மொத்தக் கலவையும் எதிரொலிக்குள் போனதால்தான் கிட்டாரும் குரலும் ஒரே வெளியில் இருப்பதுபோல் தோன்றுகிறது. கணினியில் இதைச் செய்பவர்கள் குரலுக்கு மட்டும் எக்கோ போட்டுவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறார்கள்.

கேள்வி: அவ்வளவு பணமும் புகழும் இருந்தும், நல்ல ஸ்டுடியோவில் மறுபடி பதிந்திருக்கலாமே?

பதிந்தார்கள். கேசட்டே அதற்காக உருவான மாதிரிதான். முந்தைய ஆல்பமான 'தி ரிவர்' ஸ்டுடியோவில் ஓராண்டுக்கு மேல் இழுத்தது. இந்த முறை பாடல்களை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போய் குழுவுக்குக் கற்பிக்கலாம் என்பது திட்டம். 1982 ஏப்ரல், மே மாதங்களில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் முழுக் குழுவுடன் முயன்றார்கள். அவர் தனியாகவும் மறுபடி பாடிப் பார்த்தார். எதுவும் கேசட்டை எட்டவில்லை.

எங்கள் கருத்து இது: இந்தப் பாடல்களில் பேசுபவர்கள் குரலை உயர்த்தாதவர்கள். தலைப்புப் பாடலில் வருபவன் 1958-இல் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் பத்துப் பேரைக் கொன்ற சார்லஸ் ஸ்டார்க்வெதர். அவன் வாக்குமூலம் கொடுக்கும் தொனியில் பேசுகிறான். பின்னால் டிரம்ஸ் நுழைந்ததும் பாடகர் அதற்கு மேலாகக் கேட்கும்படி பாட வேண்டியிருக்கிறது, அந்தத் தொனி போய்விடுகிறது. கேசட்டின் கரகரப்பை ஆல்பத்தின் ரகசியம் என்று கொண்டாடுவது பாதி உண்மைதான். யாரையும் கேட்க வைக்க வேண்டிய அவசியமில்லாமல் பாடிய குரல் அதில் பத்திரமாக இருந்தது என்பதே முக்கியம்.

கேள்வி: கேசட்டை அப்படியே இசைத்தட்டாக்குவதில் என்ன சிரமம்?

ஆல்பத்தின் தயாரிப்புச் செலவு குறைவு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒலிப்பதிவாளர் டோபி ஸ்காட், ஸ்பிரிங்ஸ்டீனின் தயாரிப்புக் கூட்டாளி சக் ப்ளாட்கின் இருவரும் அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு இசைத்தட்டின் மூலப் பள்ளத்தை வெட்டும் பல மாஸ்டரிங் கூடங்களில் மல்லுக்கட்டினார்கள். வெட்டிய தட்டில் ஊசி நிற்கவில்லை. கேசட்டாக மட்டுமே வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

இசைத்தட்டுப் பள்ளத்தில் ஸ்டீரியோவின் இடம், வலம் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஊசியைக் கிடைமட்டமாக அசைக்கும். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர்த் துருவத்தில் இருந்தால் மேலும் கீழுமாக அசைக்கும். நாடாவைப் படிக்கும் கேசட் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே இரு ட்ராக்குகளுக்கும் நேர வித்தியாசம் வந்துவிடும். கனமான ஒலியில் இந்த மேல்-கீழ் அசைவு அதிகமானால் பள்ளம் ஓரிடத்தில் ஆழம் குறைந்து, ஊசி வெளியே குதிக்கும். வழக்கமான மருந்துகள் இரண்டு: சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரு பக்கத்தையும் ஒன்றாக்குவது, மொத்த அளவைக் குறைத்து வெட்டுவது. கடைசியில் அட்லாண்டிக் ஸ்டுடியோவில் டெனிஸ் கிங் அளவைத் தாழ்த்தி வெட்டியதுதான் கைகொடுத்தது.

கேள்வி: அதனால்தான் என் தட்டு சத்தம் குறைவாக ஒலிக்கிறதா? படபடவென்று இரைச்சலும் கேட்கிறது.

ஆம். ஆறு டெசிபல் தாழ்த்தி வெட்டினால், நீங்கள் வால்யூமைக் கூட்டும்போது தட்டின் மேற்பரப்பு இரைச்சலும் ஆறு டெசிபல் கூடவே ஏறும். பழைய பிரதி வாங்குவதாக இருந்தால் இந்த ஆல்பத்துக்கு மட்டும் தட்டின் தரத்தில் கறாராக இருங்கள். ஆரவாரமான ராக் இசை மறைத்துவிடும் கீறலை இது காட்டிக்கொடுத்துவிடும். சீரான 'உஸ்ஸ்' கேசட்டுடையது, அது போகாது. 'பட்பட்' மட்டுமே அழுக்கு. கழுவினால் குறையும்.

கேள்வி: கூடவே கிட்டார் வாசித்தால் சுருதி சேரவில்லை.

இரண்டு நாடா இயந்திரங்கள் வழியாக வந்த ஒலி. இரண்டின் மோட்டார் வேகமும் துல்லியமாக ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு போர்ட்டாஸ்டுடியோவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் உண்டு. கணக்கு எளிது: வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி ஏறத்தாழ 17 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) நகரும். 6 சதவீதம் மாறினால் அரைச் சுரம். ஒவ்வொரு பாடலுக்கும் ட்யூனரைப் பார்த்து உங்கள் கிட்டாரைத் தட்டுக்கு இசைவாகத் திருப்புவதே சுலபம். கணினியில் சரிசெய்தால் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் ஹார்மோனிகாவின் ஓரங்கள் உடைந்து கேட்கும்.

கேள்வி: பெரிய ராக் பாடகர் வீட்டிலேயே பதிந்த முதல் ஆல்பம் இதுதானா?

இல்லை. பால் மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பம் 1970-இல் வந்தது. அதன் பெரும்பகுதி லண்டன் வீட்டில், ஸ்டூடர் நான்கு ட்ராக் இயந்திரத்தில், மிக்ஸரே இல்லாமல் பதிவானது. ஆனால் அது ஸ்டுடியோ தரமுள்ள ஒரு அங்குல நாடா. கடையில் யாரும் வாங்கக்கூடிய கேசட் இயந்திரத்தில் பதிந்து அமெரிக்க ஆல்பம் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனதுதான் 'நெப்ராஸ்கா'வின் பெருமை. அதுவும் சுற்றுப்பயணம் இல்லாமல், அமெரிக்காவில் ஒரு சிங்கிள்கூட (தனிப்பாடல் வெளியீடு) வெளியிடாமல்!

கேள்வி: அந்தக் கேசட்டில் இருந்தும் ஆல்பத்தில் சேராதவை என்ன ஆயின? பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடல்களை என்ன செய்தார்கள்?

'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' அதில் இருந்ததுதான். குழுவின் முழக்கத்தோடு 1984-இல் உலகம் சுற்றியது. தனிக் கிட்டாருடன் பாடிய மூலம் 1998-இல் 'ட்ராக்ஸ்' தொகுப்பில் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தப் பாடலைக் கொண்டாட்டப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'சைல்ட் ப்ரைட்' உருமாறி 'வர்க்கிங் ஆன் தி ஹைவே' ஆனது.

ஜானி கேஷ் 1983-லேயே 'ஜானி 99', 'ஹைவே பட்ரோல்மேன்' இரண்டையும் பாடிவிட்டார். இரண்டாவது பாடலின் கதையை வைத்து ஷான் பென் 1991-இல் ஒரு படம் இயக்கினார். தி பேண்ட் குழு 1993-இல் பாடிய 'அட்லாண்டிக் சிட்டி', மூலத்தை விடாமல் மாண்டலினைப் பிடித்துக்கொண்ட நல்ல மறுபதிப்பு. 2025 அக்டோபரில் வந்த விரிவான பதிப்பில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட குழுப் பதிவுகளும் கிடைக்கின்றன. முதல்முறை கேட்பவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். மூல ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பதிப்பில் உள்ள ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவின் 'அட்லாண்டிக் சிட்டி'க்குப் போங்கள்.