ஓட்டிசப் பிள்ளை நடுச்சாமம் வரை தூங்குவதில்லை, காலையில் சாப்பிடுவதில்லை: உடல் கடிகாரம்தான் காரணமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, ஓட்டிசம். 12 மணி ஆகாமல் தூங்கமாட்டான். காலையில் ஒரு வாய் இறங்காது, இருட்டினால் ரொட்டி கேட்டு அழுவான். இது உடல் கடிகாரக் கோளாறா? மெலடோனின் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்பது நீங்கள் சொன்னதிலேயே தெரிகிறது. தூக்கமும் பசியும் சேர்ந்தே பிந்தியிருக்கின்றன, அதனால் சேர்த்தேதான் முன்னுக்கு இழுக்க வேண்டும். மெலடோனின் (இருட்டியதும் உடம்பே சுரக்கும் தூக்க ஹோர்மோன், மருந்தாகவும் வரும்) பிறகு. முதலில் கை வைக்க வேண்டியது இரவில் இல்லை, காலையில்.

கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சின்ன முடிச்சு ஒன்று இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தினமும் திருத்தும். ஈரல், கணையம், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடும். இரவில் மெலடோனின் கூடும்போது கணையம் இன்சுலினைக் குறைத்து விடும். ஆகவே இரவு 11 மணிக்குத் தின்னும் ரொட்டி, காலையில் தின்னும் அதே ரொட்டியை விட இரத்தத்தில் சீனியைக் கூட்டும். வயிறு நிறைந்து படுத்தவனுக்குக் காலையில் பசிக்காதது அதிசயமில்லை.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் தூக்கச் சிக்கல் உண்டு. சிலருக்கு மெலடோனின் உருவாகும் கடைசிப் படியைச் செய்கிற நொதியம் மந்தம் என்று 2008இல் வந்த ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் அப்படியில்லை. அதற்கென்று இரத்தம் சோதிக்க அலைய வேண்டாம். செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

எழும்பும் நேரத்தை 6 மணி என்று கட்டுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை), ஞாயிறு எல்லா நாளும் அதே நேரம். நீங்கள் இருவரும் வெள்ளனப் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போய்விட்டால் வீட்டில் இருக்கும் பெரியவர் 9 மணி வரை தூங்கவிடுவார், "பாவம், ராத்திரி தூங்காத புள்ள" என்று. பல வீடுகளில் திட்டம் கெடுவது இந்த இடத்தில்தான்.

எழுப்பியதும் வெளிச்சம். லயக் காம்பராவுக்குள் பல்ப் எரிந்தாலும் 100 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வருவதே கஷ்டம். 7 மணிக்கு வெளியே பனி மூடிக் கிடந்தாலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். இஸ்தோப்பு (முன் திண்ணை) விளிம்பில், வானம் தெரியும் பக்கம் பார்க்க உட்காரவைத்து அரை மணி நேரம். காலைச் சாப்பாடும் அங்கேயே.

சாப்பாட்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரவில் கேட்கிற அதே ரொட்டி, அதே தட்டு, அதே சம்பல். மாறுவது நேரம் மட்டும். புதுச் சாப்பாட்டையும் புது நேரத்தையும் ஒன்றாகத் திணித்தால் இரண்டையும் தள்ளிவிடுவான். முதல் நாட்களில் காலையில் கால் ரொட்டி போதும். இரவுச் சாப்பாட்டைச் சட்டென்று நிறுத்தாமல் 2, 3 நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்து, படுக்கைக்கு 2 மணி நேரம் முன்பு முடிவதாக ஆக்குங்கள். படுக்கும்போது பெரிய கோப்பை பால் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் குறையுங்கள். நாள் முழுவதற்கும் அரை லீட்டருக்கு மேல் பால் வேண்டாம்.

அடுத்தது தேத்தண்ணி. நம் பக்கம் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே சாயத்தண்ணி போய்விடுகிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், அதில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம். மாலை 5 மணிக்குக் குடித்தது 10 மணிக்கும் உடம்பில் வேலை செய்யும். சட்டென்று நிறுத்தினால் ரகளை வரும். அதே கோப்பையில் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கொத்தமல்லி அவித்த தண்ணியைக் கலந்து வாருங்கள். நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

தேத்தண்ணி இன்னொரு வகையிலும் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறையும். இரும்பு குறைந்த பிள்ளை படுக்கையில் கால்களை உதைக்கும், புரளும், போர்வையைத் தள்ளும். கிளினிக்கில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "சரி" என்றால் அதோடு விடாமல் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் அளவு) சோதனை கேளுங்கள். கால் அமைதியின்மை இருந்தால் ஃபெரிட்டின் 50 ng/mLக்குக் கீழே இருக்கும்போதே வைத்தியர்கள் இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) இருக்கக்கூடும் என்பதால் சோதிக்காமல் இரும்பு கொடுக்கக்கூடாது. இரும்பு மருந்து அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சாப்பாட்டில் நெத்தலி, முருங்கைக் கீரையோடு தேசிக்காய். தேத்தண்ணி ஒரு மணி நேரம் தள்ளி.

இப்போது இரவு. 12 மணிக்குத் தூங்குகிறவனை 8 மணிக்குப் படுக்கவைத்தால் சண்டைதான். வழக்கமான தூக்க நேரத்துக்கு முந்திய 2, 3 மணி நேரத்தில்தான் உடம்பு அதிக விழிப்பாக இருக்கும். அதனால் முதலில் 12 மணிக்கே படுக்கவையுங்கள். 20 நிமிடத்துக்குள் தூங்குகிறான் என்று ஆனதும் 2, 3 இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால். பகல் தூக்கம் வேண்டாம். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபோன், டீவி நின்றுவிட வேண்டும். காலில் குளிர் ஏறியிருந்தால் தூக்கம் பிந்தும்: வெந்நீரில் கால் கழுவித் துடைத்து, காலுறை போடுங்கள். பாதம் சூடானால் உடம்பின் உள்சூடு வெளியேறி இறங்கும், தூக்கம் வரும். காலுறைத் தையல் குத்துகிறது என்று கழற்றி எறிகிற பிள்ளைக்கு அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையையும் 4 வாரம் விடாமல் செய்தும் அசையாவிட்டால் மெலடோனின் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வழக்கமாக 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு கொடுப்பார்கள், 10ஐத் தாண்டமாட்டார்கள். நடுச்சாமத்தில் விழித்தான் என்று இன்னொன்று கொடுத்தால் கடிகாரம் மேலும் பின்னுக்குப் போகக்கூடும். மெதுவாகக் கரையும் வகையைப் பொடியாக்கினால் அது மெதுவாகக் கரையாது. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் ஜெல்லி மிட்டாய் வகை வேண்டாம்: அமெரிக்காவில் 2023இல் சோதித்த 25 வகைகளில் 22இல் உள்ளே இருந்த அளவும் லேபிளில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. தூங்கவைக்கப் பிரிட்டோன் (ஒவ்வாமை மருந்து) பாணி ஊற்றுவதும் வேண்டாம், சில பிள்ளைகள் அதில் இன்னும் துள்ளும்.

குறட்டை, மூச்சு நின்று நின்று வருதல், தூக்கத்தில் உடம்பு வெட்டுதல், நாலு நாளாய் மலம் கழியாமை: இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்னதற்குக் காத்திருக்க வேண்டாம். ஃபோனில் வீடியோ எடுத்துக் கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

மகன் ஏற்கனவே ரிஸ்பெரிடோன் (ரகளையை அடக்கக் கொடுக்கும் மருந்து) எடுக்கிறானென்றால் இரவுப் பசிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பசியையும் நிறையையும் கூட்டுகிற மருந்து அது. மாதம் ஒருமுறை டிஸ்பென்சரியில் நிறை பாருங்கள். வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்புச் சோதனை எப்போது என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், அளவைக் குறைப்பதை வைத்தியரே படிப்படியாகச் செய்வார்.