சவரக்கத்திக்கு முதல் கல் எது?

கேள்வி: அப்பப்பாவின் சவரக்கத்தி பழைய பெட்டிக்குள் கிடந்தது. கூர் துளியும் இல்லை. இயற்கைக் கல்லிலேயே முதலில் இருந்து தீட்ட ஆசை. குடும்பிமலைப் பக்கத்துக் கருங்கல் துண்டு ஒன்று இருக்கிறது, அதை மட்டமாக்கிப் பாவிக்கலாமா? இல்லை, வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கருங்கல் வேண்டாம். நம் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நைஸ் (gneiss) என்ற பாறை வகை. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பருமனில் அதில் கலந்து கிடக்கும், ஒன்று கடினம், ஒன்று மெது. மண்வெட்டிக்குச் சரி, சவரக்கத்தியின் விளிம்பை அது பல்லுப்பல்லாக்கிவிடும்.

முதற்கட்டத்தில் நடக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பக்கச் சரிவும் அடியில் இருந்து நுனி வரை ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அதுவரை இரும்பு தேய்ந்தாக வேண்டும், இயற்கைக் கற்களில் பெரும்பாலானவை அதற்கு வேகம் போதாதவை. அதனால் என் அபிப்பிராயம், ஆயிரம் நம்பர் செயற்கைக் கல் ஒன்றில் இந்த வேலையை முடித்துவிட்டு, சேர்த்த காசை கடைசிக் கட்டத்துக்கான நல்ல இயற்கைக் கல்லில் போடுங்கள். அங்கேதான் அதன் அருமை தெரியும்.

இல்லை, இயற்கைக் கல்தான் என்றால் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் கல்லைச் சொல்வேன். இரும்பை வெட்டுவது அதில் உள்ள கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் நுண்ணிய மணிகள். சின்னக் கல்லால் தண்ணீர் விட்டு உரைத்துப் பால் போலக் குழம்பு எடுத்துத் தீட்டினால் வேகமாக வெட்டும், அப்புறம் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நீர்க்க விட்டால் அதே கல் மிருதுவாக வேலை செய்யும். ஆனால் கல்லுக்குக் கல் வேகம் மாறும், விலையும் கூட. அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லில் 'சொஃப்ட்' என்று விற்பது கத்திக்கு நல்ல ஆரம்பக் கல். கறுப்பும் ஒளி ஊடுருவும் வகையும் கடைசிக்கு உரியவை, கூர் செத்த கத்தியை அதில் வைத்தால் கைதான் நோகும்.

எந்தக் கல்லானாலும் மட்டமாக இருக்க வேண்டும். பென்சிலால் கோடு கிழித்து, தடித்த கண்ணாடியில் ஒட்டிய தண்ணீர் அரத்தாளில் தேய்த்துப் பாருங்கள், கோடு மறையாத இடம் பள்ளம். தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்கட்டும், கோணம் தானே அமையும். அடி, நடு, நுனி மூன்று இடமும் முன்கை முடியைச் சிரைத்தால்தான் அடுத்த கல்லுக்குப் போகலாம். ஒரு இடம் சிரைக்காவிட்டாலும் திரும்ப அதே கல்தான்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து அண்ணா கொண்டுவந்த விலை கூடிய ஸ்டெயின்லெஸ் கத்தி ஆர்கன்சா கல்லில் கூர் ஏறுதே இல்லை. கல் போலியா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: கல்லைச் சந்தேகப்பட முதல் கத்தியின் உருக்கைப் பாருங்கள். அதில் வனேடியம் என்ற உலோகம் அதிகம் என்றால், உள்ளே துணுக்குத் துணுக்காக இருக்கும் வனேடியம் கார்பைட்டு குவார்ட்ஸை விடக் கடினம், ஆர்கன்சாவோ முழுக்கக் குவார்ட்ஸ்தான். அந்தக் கத்திக்கு வைரத்தூள் தகடு எடுங்கள். ஆர்கன்சாவை வீட்டில் உள்ள பழைய இரும்புக் கத்திகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் நன்றாக ஏறும்.